மணிக்கு எத்தனை, எதற்கு எத்தனை

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முடிவுத் தளம் திறக்க மறுக்கிறது. அரை மணி நேரம் போராடிய பிறகு திறக்கிறது. மறுநாள் அதே தளம் ஒரு தடையும் இல்லாமல் ஓடுகிறது. ‘முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள்’ என்று செய்தி வருகிறது. வாசலில் நின்று யாரும் எண்ணவில்லை. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? அதில் ‘பேர்’ என்று சொல்வது உண்மையில் ஆட்களைத்தானா?

எண் வருவது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பிலிருந்து. இணையதளத்தின் பக்கங்களையும் படங்களையும் அனுப்பும் கணினியை சர்வர் என்கிறோம். யாராவது ஒன்றைக் கேட்டால் அதைக் கொடுத்து முடித்த கையோடு, கொடுத்ததைப் பற்றி சர்வர் ஒரு வரி எழுதி வைக்கிறது. ஒவ்வொரு கேட்பும் ஒரு ‘கோரிக்கை’. வரிகள் சேரும் கோப்பு ‘பதிவேடு’. கணினித் துறையில் லாக் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். எந்த மணியில், எந்தச் சேவைக்கு, எத்தனை கோரிக்கை என்று கேட்டால் இந்த வரிகளைத்தான் எண்ண வேண்டும்.

வரிகளை எண்ணுவதைப் பள்ளிப் பிள்ளையும் செய்துவிடும். எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்ற முடிவில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

வெளியே வந்த ஒரு பதிவேடு

நிறுவனங்கள் தங்கள் பதிவேட்டை வெளியாருக்குக் காட்டுவதில்லை. அதில் வாடிக்கையாளரின் நடமாட்டம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நாசா நடத்தும் கென்னடி விண்வெளி மையம் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் இணைய சர்வர் 1995 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எழுதிய பதிவேடு ஆராய்ச்சிக்கென்று பொதுவில் வைக்கப்பட்டது. ஜூலைக்கு 18,91,714 கோரிக்கைகள், ஆகஸ்டுக்கு 15,69,898, மொத்தம் 34,61,612. இன்றைய பெரிய தளம் ஒன்று இதைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். ஆனால் வலை என்பதே புதிதாக இருந்த அந்த ஆண்டுக்கு இது பெரிய எண். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஆர்லிட், கேரி வில்லியம்சன் இருவரும் இதையும் வேறு ஐந்து சர்வர்களின் பதிவேடுகளையும் ஒப்பிட்டு 1996இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பதிவேட்டின் வரி ஒவ்வொன்றிலும் ஒரே ஒழுங்கு. முதலில் கேட்ட கணினியின் முகவரி. அடுத்து, கேட்டவரின் அடையாளத்துக்கென்று இரண்டு இடங்கள். இரண்டிலும் பெரும்பாலும் வெறும் சிறு கோடு. பிறகு சதுர அடைப்புக்குறிக்குள் நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம், நொடி, கூடவே உள்ளூர் நேரம் கிரீன்விச் நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற குறிப்பு. அதன்பின் மேற்கோள் குறிக்குள் என்ன கேட்டார் என்ற விவரம். கடைசியில் இரண்டு எண்கள்: கோரிக்கை எப்படி முடிந்தது என்று சொல்லும் மூன்றிலக்கக் குறியீடு, அனுப்பிய பைட்டுகளின் அளவு. கேட்டது கிடைத்திருந்தால் குறியீடு 200. அப்படி ஒரு பக்கமே இல்லை என்றால் 404. ‘உன்னிடம் உள்ள பழைய பிரதியே போதும், மாற்றம் இல்லை’ என்றால் 304.

முதல் பத்து வரிகள்

ஜூலைப் பதிவேட்டின் முதல் வரி 1ஆம் தேதி நள்ளிரவு கடந்து 1 நொடியில் எழுதப்பட்டது. யாரோ ‘ஹிஸ்டரி’ என்ற கோப்புறைக்குள் இருக்கும் ‘அப்போலோ’ பக்கத்தைக் கேட்டிருக்கிறார்; 6,245 பைட் அனுப்பப்பட்டது. 6ஆவது நொடியில் இன்னொருவர் ‘ஷட்டில்’ கோப்புறைக்குள் ‘கவுண்ட்டவுன்’ பக்கத்தைக் கேட்கிறார். 9ஆவது நொடியில் மூன்றாமவர் எஸ்டிஎஸ்-73 என்ற விண்கலப் பயணத்தின் பக்கத்தைக் கேட்கிறார். 11ஆவது நொடியில் அதே கணினியிலிருந்து அந்தப் பயணத்தின் சின்னப் படத்துக்கும் கோரிக்கை வருகிறது. இப்படியே போய், பத்தாவது வரி 13ஆவது நொடியில் முடிகிறது. அது தளத்தின் முகப்புப் பக்கம்.

சேவை வாரியாகப் பிரிக்க, முகவரிப் பாதையின் முதல் கோப்புறைப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பத்து வரிகளும் நள்ளிரவு 0 மணிக்கு உரியவை. ஷட்டில் 7, ஹிஸ்டரி 1, தளத்துக்கே பொதுவான படங்களை வைத்திருக்கும் ‘இமேஜஸ்’ 1, முகப்பு 1. கூட்டினால் 10.

இவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் இந்தப் பத்து வரிகளை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கேட்ட கணினிகள் பத்து இல்லை, ஏழுதான். ஒரே கணினி மட்டும் மூன்று வரிகளுக்குச் சொந்தம்: ஏவுதல் பற்றிய ஒரு பக்கம், அதற்குள் வரும் நாசா சின்னம், நேரடி ஒளிபரப்புக்கான ஒரு படம். முதல் இரண்டுக்கும் பதில் 304, பைட் அளவு 0. அந்தக் கணினி முன்பே வந்து போனது. தன்னிடம் இருந்த பிரதி பழையதாகிவிட்டதா என்று விசாரிக்க வந்திருக்கிறது. மூன்றாவதற்குக் குறியீடு 200, ஆனால் அளவு 0. வெற்றி என்று எழுதியிருக்கிறது, போனது ஒன்றுமில்லை. 200 என்று கண்ட இடத்திலெல்லாம் ‘பார்த்தார்’ என்று எழுதிக்கொள்பவர் முதல் பத்து வரிக்குள்ளேயே சறுக்கிவிடுகிறார்.

வரிசைப்படுத்துவதா, பெட்டியில் போடுவதா

34 லட்சம் வரிகளை இரண்டு வழிகளில் எண்ணலாம்.

முதல் வழி 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வளர்ந்தது. ஒவ்வொரு வரியிலிருந்தும் நாள், மணி, சேவை மூன்றை மட்டும் வெட்டி எடுத்து, மற்றதை எறிந்துவிட வேண்டும். எஞ்சும் துண்டுகளை ‘சார்ட்’ என்ற கட்டளை அகரவரிசையில் அடுக்கும். ஒரே மாதிரியானவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்து வரும் ‘யூனிக்’ கட்டளை, அடுத்தடுத்து ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கி, எத்தனை என்று முன்னால் எழுதும். யூனிக் கட்டளைக்கு நினைவு மிகக் குறைவு. பக்கத்து வரியைத் தவிர எதையும் அது பார்ப்பதில்லை. வரிசைப்படுத்தாமல் நேராக அதனிடம் கொடுத்தால் ஒரே மணியும் சேவையும் நூறு இடங்களில் நூறு சிறு எண்ணிக்கைகளாக வந்து விழும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவறாமல் இடறும் கல் இது.

இரண்டாவது வழியில் வரிசைப்படுத்தலே கிடையாது. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் வாரியாக அறைகளில் செருகுவது போல, ஒவ்வொரு வரியையும் படித்த உடனே அதற்குரிய பெட்டியின் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டு வரியை மறந்துவிடலாம். பெட்டியின் பெயர் ‘ஜூலை 1, 0 மணி, ஷட்டில்’ என்பது போல இருக்கும். அந்தப் பெயரில் பெட்டி இல்லையென்றால் புதிதாக ஒன்று திறந்துகொள்ள வேண்டும். 1977இல் ஆல்ஃப்ரெட் ஆஹோ, பீட்டர் வெயின்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் உருவாக்கி, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே பெயராகச் சூட்டிய ‘ஆக்’ மொழியில் இது ஒரு வரி நிரல்.

இரண்டு வழியும் ஒரே விடையைத்தான் தரும். செலவு வேறு. முதல் வழி எல்லா வரிகளின் துண்டுகளையும் ஒருசேர அடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கு வேண்டியது பெட்டிகள் வைக்க இடம் மட்டுமே. இரண்டு மாதம் என்பது 62 நாள். நாளுக்கு 24 மணி வீதம் 1,488 மணி. 20 சேவைகள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 29,760 பெட்டிகள். வரிகள் 34 லட்சமானாலும் 34 கோடியானாலும் பெட்டிகள் அதே 29,760தான். நேரம் மட்டும் கூடும்.

முதல் வழியில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. இந்தப் பதிவேட்டில் தேதி நாளில் தொடங்கி, மாதப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடர்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் ஆகஸ்ட் 1, ஜூலை 1, ஆகஸ்ட் 2, ஜூலை 2 என்று மாதங்கள் பின்னிக்கொள்கின்றன. ஆண்டு, மாதம், நாள், மணி என்று பெரியதிலிருந்து சிறியதற்கு, எண்களாலேயே எழுதினால் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். இன்றைய பதிவேடுகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

சேவை என்பது எதுவரை

பாதையின் முதல் கோப்புறையே சேவை என்று மேலே எடுத்துக்கொண்டது வசதிக்காக. முழு முகவரியையும் பெட்டிப் பெயராக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பதிவேட்டிலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது.

1995இல் பக்கங்களை அழகாக அமைக்க வசதிகள் குறைவு. ஒரு பெரிய படத்தைப் போட்டு, அதன் வெவ்வேறு பகுதிகளைச் சொடுக்கினால் வெவ்வேறு பக்கங்கள் திறக்கும்படி செய்வார்கள். ‘இமேஜ்மேப்’ என்று பெயர். கென்னடி மையத்தின் கவுண்ட்டவுன் பக்கத்திலும் அப்படி ஒரு படம் இருந்தது. சொடுக்கியவுடன் உலாவி சர்வருக்கு அனுப்பியது ‘இந்தப் பகுதி வேண்டும்’ என்ற செய்தியை இல்லை. படத்தின் இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி என்ற இரண்டு எண்களை, முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு ஒட்டி அனுப்பியது. ஒரே பொத்தானை ஒருவர் சற்று இடப்பக்கம் தொட்டால் 99, இன்னொருவர் சற்று வலப்பக்கம் தொட்டால் 105. இருவரும் போய்ச் சேர்ந்தது ஒரே பக்கம். பதிவேட்டிலோ இரண்டு வேறு முகவரிகள். முழு முகவரியை வைத்து எண்ணினால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் பெட்டிகள் திறக்கும், பலவற்றில் 1 என்ற எண்ணோடு. எல்லாப் பக்கங்களையும் விட அதிகம் பயன்பட்ட இடமாகவே அது இருந்தாலும், அட்டவணையின் மேல் வரிசையில் அது தலைகாட்டாது.

கேள்விக்குறியோடு முகவரியை வெட்டிவிடுவது இதற்கு மருந்து. ஆனால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்தாகாது. தேடல் தளத்தில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கிறது. பல நிறுவனங்கள் ஒரே சர்வருக்குப் பின்னால் கட்டணம், டிக்கெட், உதவி என்று பல சேவைகளை ஓட்டும்போது, பாதையை விடத் தளப் பெயரே சரியான பிரிப்பு. எங்கே வெட்டுவது என்பதற்குப் பொதுவிதி கிடையாது. தளத்தை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

வெட்டியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. எல்லாப் பெட்டிகளின் கூட்டுத்தொகையோடு, படிக்க முடியாமல் ஒதுக்கிய வரிகளையும் கூட்டினால் கோப்பின் மொத்த வரிகள் வர வேண்டும். ஒதுக்குவதற்கு எப்போதும் சில வரிகள் இருக்கும்: மேற்கோள் குறி கூடுதலாக விழுந்தது, பாதியில் அறுந்தது, அளவு இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் உள்ளது. அவற்றை ஓசையில்லாமல் எறிந்துவிடும் நிரல்களே அதிகம். எறிந்தவற்றையும் எண்ணிச் சொல்லும் நிரலை நம்பலாம்.

கோரிக்கை வேறு, ஆள் வேறு

இரண்டு மாதங்களிலும் மிக அதிகமாகக் கேட்கப்பட்டது ஏதாவது விண்கலத்தின் பக்கம் என்று எதிர்பார்ப்போம். முதலிடம் நாசாவின் சிறிய சின்னப் படத்துக்கு. யாரும் அதைத் தேடி வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அது இருந்தது. பக்கம் திறந்தால் உலாவி அதையும் கேட்டுவிடும். ஆர்லிட்டும் வில்லியம்சனும் ஆராய்ந்த ஆறு சர்வர்களிலும், எழுத்துப் பக்கங்களும் படங்களும் மட்டுமே சேர்ந்து 90 முதல் 100 சதவீதக் கோரிக்கைகளாக இருந்தன. சேவை வாரி அட்டவணையில் ‘இமேஜஸ்’ பெட்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்துப் படங்களுக்குத்தான் மவுசு என்று முடிவு கட்டினால், அது பக்க வடிவமைப்பைப் பற்றிய செய்தியை வாசகர் விருப்பம் என்று படிப்பதாகும்.

எதை எண்ணுகிறோம் என்பதையும் மாற்றலாம். முதல் பத்து வரிகளை அடுத்து வரும் வரியில், கவுண்ட்டவுன் பக்கத்துக்குள் இருக்கும் ஒரு படம் கேட்கப்படுகிறது. அதன் அளவு 40,310 பைட். அந்தப் பக்கமோ 3,985 பைட்தான். கோரிக்கைக் கணக்கில் இரண்டும் தலைக்கு ஒன்று. பைட் கணக்கில் படம் பத்து மடங்கு. சர்வர் திணறுவது ஏன் என்று தேடுபவருக்கு முதல் கணக்கு தேவைப்படலாம், இணைப்புக்குக் காசு கட்டுபவருக்கு இரண்டாவது.

குறைத்துக் காட்டும் காரணங்களும் உண்டு. ஜூலையில் மிக அதிகக் கோரிக்கை அனுப்பிய முகவரி ப்ராடிஜி என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்துடையது. அது ஒரு தனி ஆளின் கணினி இல்லை. சந்தாதாரர்கள் பலருக்காக நடுவில் நின்று கேட்டு வாங்கிக் கொடுக்கும் இடைக்கணினி. அத்தகைய இடைக்கணினிகள் ஒருமுறை வாங்கிய பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடுக்கலாம். அந்த அடுத்தவர் பதிவேட்டில் எங்குமே இல்லை.

எந்த மணி

மணி வாரிக் கணக்கில் மாதத்தின் சிகரம் ஜூலை 13. அன்று காலை ஃபுளோரிடா நேரம் 9 மணி 41 நிமிடம் 55 நொடிக்கு டிஸ்கவரி விண்கலம் எஸ்டிஎஸ்-70 பயணத்துக்குக் கிளம்பியது. ஜூன் 8 அன்றே போயிருக்க வேண்டியது. வெளி எரிபொருள் தொட்டியின் நுரைப் பூச்சில் மரங்கொத்திகள் துளை போட்டுவிட்டதால் தள்ளிப்போனது. பறவைகள் குறுக்கிடாமல் இருந்திருந்தால் சிகரம் இந்தப் பதிவேட்டிலேயே விழுந்திருக்காது.

ஏவிய நொடி ‘9 மணி’ பெட்டிக்குள், அதன் கடைசி மூன்றில் ஒரு பங்கில் விழுகிறது. காத்திருந்தவர்களின் கோரிக்கையும் கிளம்பிய பின் ஓடிவந்தவர்களின் கோரிக்கையும் அதே பெட்டியில் கலந்துவிடுகின்றன. முன்னது எவ்வளவு, பின்னது எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க வழியில்லை. நிமிட வாரியாக எண்ணினால் தெரியும். அப்போது பெட்டிகள் 60 மடங்கு. நிமிடத்தைக் கூட்டி மணியாக்கலாம், மணியை உடைத்து நிமிடமாக்க முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் சிறிய பெட்டியில் எண்ணி வைப்பது நல்லது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவெழுதுகின்றன. இந்திய நேரம் அதிலிருந்து 5 மணி 30 நிமிடம் முன்னால். முழு மணியாக வேறுபட்டிருந்தால் பெட்டியின் பெயரை மாற்றினால் போதும். அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே ஒரு பெட்டியாக இருப்பது இங்கே இரண்டு மணிகளின் பாதிகளாகிவிடுகிறது. வரிகளை எறிந்துவிட்டு மணிக் கணக்கை மட்டும் வைத்திருந்தால், இந்திய மணிக்கு எத்தனை என்ற கேள்விக்குத் துல்லியமான விடை இனி எப்போதும் கிடைக்காது. பதினைந்து நிமிடப் பெட்டியில் எண்ணியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பதிவேட்டில் இல்லாத மணிகள்

பெட்டியில் போட்டு எண்ணும் முறைக்கு ஒரு குணம்: வரி வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒரு மணியில் ஒரு கோரிக்கைகூட வரவில்லையென்றால் அந்த மணிக்கு 0 என்று எழுதாது. அந்த மணியே அட்டவணையில் இருக்காது.

1995 ஆகஸ்ட் தொடக்கத்தில் எரின் என்ற சூறாவளி ஃபுளோரிடாவை நோக்கி வந்தது. ஏவுதளத்தில் நின்ற எண்டெவர் விண்கலத்தைக் கட்டடத்துக்குள் திருப்பிக் கொண்டுபோனார்கள், சர்வரையும் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 1 பிற்பகல் 2 மணி 52 நிமிடத்தோடு பதிவேடு நிற்கிறது. அடுத்த வரி ஆகஸ்ட் 3 அதிகாலை 4 மணி 36 நிமிடத்தில். இடையில் 37 மணிகள் முழுதாகக் காலி.

ஆகஸ்டில் மணிக்குச் சராசரி எத்தனை கோரிக்கை? 31 நாளுக்கு 744 மணி. 15,69,898ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 2,110. அட்டவணையில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் நிரலோ, 37ஐக் கழித்து 707ஆல் வகுத்து ஏறத்தாழ 2,220 என்று சொல்லும். மாதம் முழுவதும் எவ்வளவு வேலை நடந்தது என்பது கேள்வியானால் முன்னது சரி. ஓடிக்கொண்டிருந்த மணியில் சர்வர் எவ்வளவு சுமந்தது என்றால் பின்னதே நெருக்கமானது. எதைக் கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் நிரல் தானாகத் தேர்ந்துகொண்ட விடையை ஏற்பதுதான் ஆபத்து. வரைபடம் போட்டால் இன்னும் மோசம்: ஆகஸ்ட் 1 பிற்பகல் புள்ளியையும் ஆகஸ்ட் 3 அதிகாலைப் புள்ளியையும் ஒரு நேர்கோடு இணைத்துவிடும், சூறாவளி வந்த சுவடே இருக்காது. முதலில் 744 பெட்டிகளையும் 0 என்று எழுதித் திறந்து வைத்துவிட்டுப் பிறகு எண்ணத் தொடங்கினால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

ஜூலைப் பதிவேட்டில் இதன் இன்னொரு வடிவம். மாதம் முழுவதும் என்றுதான் அதன் அறிமுகம் சொல்கிறது. கோப்போ ஜூலை 28 பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. 31ஆல் வகுத்து நாள் சராசரி எடுத்தவர்களுக்கு அது குறைவாகத்தான் வந்திருக்கும்.

விக்கிப்பீடியாவின் மணிக் கோப்புகள்

இதே கணக்கை உலக அளவில், எவரும் எடுத்துப் பார்க்கும்படி செய்து வைத்திருப்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா. 2007 டிசம்பர் முதல் மணிக்கு ஒரு கோப்பு வெளியாகிறது. அதன் ஒவ்வொரு வரியும் எண்ணி முடித்த ஒரு பெட்டி: எந்த மொழித் திட்டம், எந்தக் கட்டுரை, அந்த மணியில் எத்தனை. தமிழ் விக்கிப்பீடியா அதில் ‘டிஏ’ என்ற ஈரெழுத்துக் குறியோடு வரும். 2015இல் எண்ணும் முறையைத் திருத்தினார்கள். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களின் கோரிக்கைகள் அதன்பின் தனியே பிரிக்கப்பட்டன. அதற்கு முன் உள்ள எண்களையும் பின் உள்ளவற்றையும் ஒரே கோட்டில் இணைத்து ஒப்பிடக் கூடாது.

இந்தக் கோப்புகளை எடுத்துப் பார்ப்பவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மணி உலகப் பொது நேரத்தில் உள்ளது. கோப்பின் பெயரில் இருப்பது மணி முடியும் நேரம், தொடங்கும் நேரம் இல்லை. தமிழ்நாட்டில் இரவு 9 முதல் 10 வரை தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று தேடினால், அது பொது நேரம் 15:30 முதல் 16:30 வரை. 16 என்று பெயரிட்ட கோப்பில் பாதியும் 17 என்று பெயரிட்ட கோப்பில் பாதியும் இருக்கும்.